திறக்காத படமும் திறந்த பாட்டும்: அமிகா என்ற ஒரு கணினியின் கதை

வீட்டுக் கணினி வந்து ஓவியமும் இசையும் எப்படி மாறின என்று பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். அதனால் ஒரே ஒரு கணினியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கமடோர் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த அமிகா. அதில் இரண்டு தரப்பினர் வேலை செய்தார்கள். ஒரு பக்கம் ஆண்டி வார்ஹோல், உலகமே பெயர் தெரிந்து வைத்திருந்த ஓவியர். இன்னொரு பக்கம் ஜெர்மனி, ஸ்வீடன், பின்லாந்து, நார்வே என்று ஐரோப்பாவின் வீடுகளில், படுக்கையறை மேசையில் அதே கணினியை வைத்துக்கொண்டு பாட்டுப் போட்ட பையன்கள். வார்ஹோலின் படங்கள் கிட்டத்தட்ட முப்பது வருடம் யாராலும் திறக்க முடியாமல் ஃப்ளாப்பியில் கிடந்தன. பையன்களின் பாட்டுகளை இன்றைக்கும் விஎல்சி பிளேயரில் போட்டுக் கேட்கலாம். ஒரே கணினி, ஏறக்குறைய ஒரே காலம். அப்படியிருந்தும் இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசமான முடிவு என்பதுதான் இங்கே கேள்வி.

கணினியைப் பற்றி முதலில் கொஞ்சம்

1985இல் ஒரு சாதாரண ஆள் வாங்கக்கூடிய கணினிகள் எப்படி இருந்தன? ஆப்பிளின் மேக்கின்டாஷ் கறுப்பு வெள்ளை. பெரும்பாலான ஐபிஎம் பிசிக்களில் படம் வரைய வேண்டுமென்றால் திரையில் ஒரே நேரத்தில் நான்கு நிறம். ஒலி என்றால் உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் ஒரு 'பீப்'. அடாரி எஸ்டி அதே வருடம் வந்தது. அதில் மிடி (மின்னணு வாத்தியங்களைக் கணினியோடு சேர்க்கும் வழி) இணைப்பு பெட்டியிலேயே இருந்ததால் வெளியே சின்தசைசர் வைத்திருந்த இசைக்கலைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

அமிகாவின் வழி வேறு. ஜே மைனர் என்ற பொறியாளர் தலைமையில் உருவான அந்தக் கணினியில், மோட்டரோலா 68000 செயலிக்குப் பக்கத்தில் தனியாக மூன்று சில்லுகள் இருந்தன. அவற்றுக்கு ஆக்னஸ், டெனிஸ், பாலா என்று பெயர். படத்தைத் திரையில் வரைவதும் ஒலியை எழுப்புவதும் இவற்றின் பொறுப்பு. செயலி அதில் தலையிட வேண்டியதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 படி, ஆக மொத்தம் 4096 நிறம். அதிலிருந்து 32 நிறத்தைப் பொறுக்கி 320க்கு 200 புள்ளி கொண்ட திரையில் பயன்படுத்தலாம். ஒலிக்கு நான்கு சேனல்: இரண்டு இடது பக்கம், இரண்டு வலது பக்கம். ஒவ்வொரு சேனலும் பதிவு செய்த நிஜ ஒலியையே 8 பிட்டில் திரும்ப ஒலிக்கும். முரசோ, வயலினோ, யாரோ ஒருவர் கத்தியதோ, எதை வேண்டுமானாலும் போடலாம். அமிகா 1000இன் விலை 1295 டாலர், மானிட்டர் தனி. 1987இல் வந்த அமிகா 500 கிட்டத்தட்ட அதில் பாதி விலை. வீட்டு டிவியிலேயே மாட்டிக்கொள்ளலாம். பையன்கள் கைக்குப் போனது அதுதான்.

லிங்கன் சென்டர் மேடை

1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் அமிகாவின் அறிமுக விழா. கணினி விற்க வந்த நிறுவனம் ஓவியரையும் பாடகியையும் மேடையேற்றியது. பாடகி, ப்ளாண்டி குழுவின் டெபி ஹாரி. அவர் முகத்தை வீடியோ கேமராவில் பிடித்துக் கறுப்பு வெள்ளைப் படமாகக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். வார்ஹோல் மவுஸைப் பிடித்து, ஒவ்வொரு பகுதியாக நிறம் ஊற்றினார். பக்கத்தில் அமிகா தரப்பு ஓவியர் ஒருவர் உதவிக்கு நின்றார். மென்பொருள் இன்னும் முடியாத நிலையில் இருந்தது. நிறம் ஊற்றும் கருவியைத் தொட்டால் கணினி படுத்துவிடக்கூடும் என்ற பயம் அமிகா ஆட்களுக்கு இருந்ததாகச் சொல்வார்கள். வார்ஹோல் அதையேதான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். கணினி தாக்குப்பிடித்தது.

அவர் ஏன் அந்தக் கருவியையே எடுத்தார் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1962இலிருந்து அவர் செய்துவந்த வேலையே இதுதான்: ஒரு புகைப்படத்தை எடுத்து, சில்க்ஸ்கிரீன் (துணி வலை வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறை) மூலம் கேன்வாஸில் அச்சிட்டு, தலைமுடிக்கு ஒரு தட்டை நிறம், உதட்டுக்கு ஒரு தட்டை நிறம் என்று போடுவது. அதையே திரும்பத் திரும்ப அச்சிடுவது. பெயின்ட் மென்பொருளில் ஒரு நொடியில் நடக்கும் காரியத்தை அவர் இருபது வருடமாக மையும் துணியும் வைத்துச் செய்துகொண்டிருந்தார். கணினி அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்றே சொல்வேன். அவருடைய பழைய பழக்கத்துக்கு ஒரு பொத்தான் கிடைத்தது, அவ்வளவுதான்.

விழா முடிந்த பிறகும் அவர் அமிகாவை விட்டுவிடவில்லை. தொடர்ந்து அதில் வரைந்து பார்த்தார். 1987 பிப்ரவரியில் இறந்துபோனார். அவருடைய மற்ற பொருட்களோடு கணினிகளும் ஃப்ளாப்பிகளும் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள ஆண்டி வார்ஹோல் அருங்காட்சியகத்தின் பராமரிப்புக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு அவற்றை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஃப்ளாப்பியிலிருந்து மீட்டது

2011இல் கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் யூடியூபில் அந்த அறிமுக விழாவின் காட்சியைப் பார்த்தார். பழைய வீடியோ கேம்களைப் பிரித்து அதிலிருந்து கலை செய்கிறவர் அவர். அப்படியானால் வார்ஹோல் வேறு படங்களும் வரைந்திருப்பாரே, அவை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். அருங்காட்சியகத்தில் ஃப்ளாப்பிகள் இருந்தன. ஆனால் அவற்றை டிரைவில் போடவே பயம். பழைய காந்தப் பூச்சு உரிந்துவிட்டால் இருக்கிற ஒரே பிரதியும் போய்விடும். கடைசியில் அதே ஊரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றம் உள்ளே வந்தது. பழைய கணினிகளை நோண்டுவதில் கைதேர்ந்த மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் சேர்ந்த குழு அது.

அமிகா ஃப்ளாப்பியைச் சாதாரண பிசியில் போட்டால் படிக்காது. பிசி ஒரு வட்டத்தைத் துண்டு துண்டாக, நடுவில் இடைவெளி விட்டு எழுதும். அமிகா ஒரு முழு வட்டத்தையும் ஒரே மூச்சில் தன் பாணியில் எழுதும். அதனால்தான் அதே ஃப்ளாப்பியில் பிசி 720 கிலோபைட் வைக்க, அமிகா 880 வைத்தது. இதைப் படிக்க க்ரையோஃப்ளக்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அது ஃப்ளாப்பியில் என்ன தகவல் இருக்கிறது என்று புரிந்துகொள்ள முயலாது. காந்தத் திசை எந்தெந்த நேரத்தில் மாறுகிறது என்பதை மட்டும் அப்படியே பதிவு செய்துகொள்ளும். அர்த்தம் கண்டுபிடிப்பதெல்லாம் பிறகு நிதானமாக, மூலத்தைத் தொடாமல்.

படித்தாயிற்று. பெரும்பாலானவை கடையில் விற்ற மென்பொருள் ஃப்ளாப்பிகள். ஆனால் கிராஃபிகிராஃப்ட் என்ற ஓவிய மென்பொருளின் ஃப்ளாப்பி ஒன்றில் கேம்ப்பெல்ஸ், மர்லின் என்ற பெயர்களில் கோப்புகள் இருந்தன. கேம்ப்பெல்ஸ் சூப் டப்பாவும் மர்லின் மன்றோவின் முகமும்தான் அவரைப் புகழ்பெற வைத்த படங்கள்; வார்ஹோலைத் தெரிந்த யாருக்கும் அந்தப் பெயர்களைப் பார்த்ததும் கை நடுங்கியிருக்கும். சரி, கிளிக் செய்தால் திறக்கவில்லை. அது கடைக்கு வராத, வெளியீட்டுக்கு முந்தைய மென்பொருள். அது படங்களைச் சேமித்த முறை வேறு எந்த மென்பொருளுக்கும் தெரியாது. எமுலேட்டர், அதாவது பழைய கணினி போலவே நடிக்கும் மென்பொருள், போட்டும் பயனில்லை. மன்றத்துக்காரர்கள் கோப்பில் உள்ள எண்களை வரிசை வரிசையாகப் பார்த்து, எது நிறப் பட்டியல், எது புள்ளிகள் என்று ஊகித்து, அந்தச் சேமிப்பு முறையையே மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் அறிவித்தார்கள்: 28 படங்கள், அவற்றில் குறைந்தது 11இல் வார்ஹோலின் கையெழுத்து.

படங்கள் எப்படி? நேர்மையாகச் சொன்னால், தடுமாறுகின்றன. சூப் டப்பாவின் ஓரங்கள் கோணல், எழுத்துகள் கிறுக்கல். மவுஸில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு நன்றாகத் தெரியும். அதுவரை உலகத்துக்கு அவர் காட்டிய டப்பாக்கள் இயந்திரத்தில் அச்சடித்தவை போலிருக்கும். இயந்திரத்தில் வரைந்த இந்த டப்பாவில்தான் கை தெரிகிறது. இன்னொரு படத்தில் பழைய இத்தாலிய ஓவியர் போட்டிசெல்லி வரைந்த வீனஸ் தேவதையின் முகத்தை எடுத்து, கண்ணை மட்டும் வெட்டி ஒட்டி மூன்று கண்ணாக ஆக்கியிருக்கிறார். நம்மூர்க்காரர்களுக்குச் சிவன் ஞாபகம் வரும். ஆனால் அவர் செய்திருப்பது 'காப்பி, பேஸ்ட்' என்ற கருவியைக் கண்டுகொண்ட ஒருவர் முதல் நாளில் செய்கிற வேலை. பெரிய கலைஞர் என்பதால் இதையெல்லாம் மகத்தான படைப்பு என்று தூக்கிவைக்க வேண்டியதில்லை. தேர்ந்த கை ஒன்று புதிய கருவியை எங்கெங்கே தட்டிப் பார்த்தது என்பதற்கு இவை சாட்சி. எனக்கு அதுவே போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு முழுப் படத்தின் அளவு 320 பெருக்கல் 200 புள்ளி, புள்ளிக்கு 5 பிட். மொத்தம் 40,000 பைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரியது. இதைத் திறக்கத்தான் ஒரு அருங்காட்சியகமும் ஒரு பல்கலைக்கழக மன்றமும் மெனக்கெட வேண்டியிருந்தது. அதே 1985இல்தான் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் ஜெர்ரி மாரிசன் ஒரு பொதுக் கோப்பு முறையை எழுதி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விவரங்களோடு வெளியிட்டார். அந்த வருடக் கடைசியில் டான் சில்வா எழுதிய டீலக்ஸ் பெயின்ட் வந்தது. அது அந்த முறையில் படத்தைச் சேமித்தது. மற்ற அமிகா மென்பொருள்களும் பின்னாலேயே வந்தன. டீலக்ஸ் பெயின்ட்டில் வரைந்த படங்களைத் திறக்க இன்றைக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. வார்ஹோல் சில மாதம் தாமதமாக ஆரம்பித்திருந்தால் இந்த மீட்புக் கதையே தேவைப்பட்டிருக்காது.

டீலக்ஸ் பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனசில்லை. அதில் நிறச்சுழற்சி என்று ஒரு வித்தை உண்டு. அருவி வரைகிறீர்கள் என்று வையுங்கள். எட்டு நீல நிறங்களை அடுத்தடுத்த எண்ணில் வைத்துக் கோடு கோடாக இறக்கிவிட வேண்டியது. பிறகு படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், நிறப் பட்டியலில் அந்த எட்டு நிறத்தை மட்டும் ஒவ்வொரு இடமாக நகர்த்தினால் தண்ணீர் விழும். மெமரியும் வேகமும் இல்லாத கணினியில் அசைவைக் கொண்டுவந்த வழி அது. கேன்வாஸில் வரைகிறவருக்கு இப்படி யோசிக்கவே தோன்றாது. கணினியில் மட்டும் பிறக்கக்கூடிய ஓவியம் எது என்று கேட்டால், வார்ஹோலின் டப்பாவைவிட இந்த அருவியைத்தான் காட்டுவேன்.

எண்களால் எழுதிய பாட்டு

இனி பையன்கள் பக்கம். 1987இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். கேம்களுக்கு இசை போடத் தனக்குத் தேவைப்பட்ட கருவி அது. கடையில் விற்பனை பெரிதாக இல்லை. ஆனால் நிரல் எழுதத் தெரிந்த பையன்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள், பிழைகளைத் திருத்தினார்கள், வசதிகளைச் சேர்த்தார்கள், தங்கள் பெயரில் சுற்றுக்கு விட்டார்கள். ஸ்வீடனிலிருந்து நாய்ஸ்ட்ராக்கர் வந்தது, அப்புறம் ப்ரோட்ராக்கர். ஓபார்ஸ்கிக்கு இதில் காசு எதுவும் வந்திருக்காது. அவர் போட்ட கோப்பு முறை மட்டும் எல்லாவற்றிலும் தங்கிவிட்டது. அதன் பெயர் மாட்.

இந்த வகை மென்பொருள்களுக்கு ட்ராக்கர் என்று பொதுப்பெயர். ட்ராக்கரின் திரையைப் பார்த்தால் இசை மென்பொருள் என்று சொல்ல மாட்டீர்கள். கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி இருக்கும். நான்கு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் 64 வரி. ஒரு வரியில் 'சி-2 1 047' என்பது போல இருக்கும். முதலில் ஸ்வரம், அடுத்து எந்த ஒலி, கடைசியில் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. பாட்டு ஓடும்போது வரிகள் மேலே ஓடும். இந்த 64 வரித் தொகுப்புக்கு பேட்டர்ன் என்று பெயர். ஒரு கட்டத்துக்கு 4 பைட் வீதம், நான்கு பத்திக்கும் சேர்த்து ஒரு பேட்டர்ன் சரியாக 1024 பைட்.

அந்த 047 என்ற கட்டளையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சேனல் இருப்பது நான்குதான். தாளத்துக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று, மெலடிக்கு ஒன்று போனால் மீதி ஒன்று. அந்த ஒன்றில் கார்டு வாசிக்க வேண்டும். கார்டு என்றால் மூன்று ஸ்வரம் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும்; சேனலோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒலிக்கும். 047 என்றால்: கொடுத்த ஸ்வரம், அதற்கு நாலு படி மேலே, ஏழு படி மேலே. நம் கணக்கில் ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். இந்த மூன்றையும் நொடிக்கு 50 தடவை மாற்றி மாற்றி வாசிக்கும். காது இவற்றைப் பிரித்துக் கேட்காது. ஒரு குமிழியிடும் கார்டாகச் சேர்த்துக்கொள்ளும். 037 என்று போட்டால் காந்தாரம் ஒரு படி இறங்கி சாதாரண காந்தாரம், மைனர் கார்டு. குறைபாட்டைச் சமாளிக்கப் பிறந்த இந்தக் குமிழிச் சத்தம் பிறகு ஒரு பாணியாகவே ஆகிவிட்டது. எத்தனை சேனல் வேண்டுமானாலும் கிடைக்கும் இன்றைய மென்பொருள்களிலும் வேண்டுமென்றே இதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒலிகள் விஷயத்திலும் இதே சிக்கனம்தான். ட்ராக்கரின் நடு ஸ்வரத்தில் ஒரு நொடி ஒலி ஏறக்குறைய 8 கிலோபைட். ஒரு நீண்ட வயலின் ஒலி வேண்டுமென்றால் வில் பட்ட ஆரம்பத்தை மட்டும் எடுத்து, அதன் வாலில் ஒரு துணுக்கைச் சுற்றவிட வேண்டும். இப்படி ஒரு முழுப் பாட்டும் அதற்கான எல்லா ஒலிகளும் சேர்ந்து 100, 200 கிலோபைட்டில் முடிந்துவிடும். சிடி தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கே 10 மெகாபைட் வேண்டும்.

இனிதான் இந்த ஆய்வின் மையமான விஷயம். கேசட்டிலோ சிடியிலோ நம் கைக்கு வருவது பாடி முடித்த பாட்டு. மாட் கோப்பில் வருவது ஸ்வரக் குறிப்பு, அதோடு வாத்தியங்கள், இரண்டும் ஒரே கட்டாக. கேட்கிறவர் அதே ட்ராக்கரில் திறந்தால் எல்லாம் கண்ணெதிரே ஓடும்: அந்த மெலடியை எப்படி நெளித்தார், எந்த வரியில் தாளத்தை விட்டார், அந்த முரசு ஒலியை எவ்வளவு வெட்டினார். ஒரு சேனலை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் கேட்கலாம். பிடித்த ஒலியை எடுத்துத் தன் பாட்டில் போட்டுக்கொள்ளலாம். குரு வேண்டாம், பள்ளி வேண்டாம், ஒருவர் பாட்டே அடுத்தவருக்குப் பாடம். ஒலிகளுக்குப் பெயர் எழுத 22 எழுத்து இடம் இருந்தது. அதில் 'கிக்', 'ஸ்னேர்' என்று எழுதாமல், வரிக்கு வரி கடிதம் எழுதினார்கள்: யார் போட்டது, எந்த ஊர், யாருக்கு வணக்கம், என் ஒலியைத் திருடினால் பெயராவது போடு. என் கணக்கில், வீட்டுக் கணினி இசைக்குச் செய்த பெரிய காரியம் இதுதான். மலிவாக ஒலிப்பதிவு செய்ய முடிந்ததெல்லாம் அடுத்துத்தான்.

இந்தப் பையன்களை வளர்த்த இடம் ஒன்றும் யோக்கியமானதில்லை. கேம்களின் பூட்டை உடைத்துப் பிரதி எடுத்துத் தபாலில் ஃப்ளாப்பி அனுப்பிக்கொண்ட குழுக்கள் அவை. உடைத்த கேமின் முகப்பில் தங்கள் குழுவின் பெயரை அசையும் எழுத்திலும் இசையிலும் காட்டினார்கள். கொஞ்ச நாளில் கேம் பின்னுக்குப் போய், முகப்பே கலையாகிவிட்டது. டெமோசீன் என்று அதற்குப் பெயர். டென்மார்க், நார்வே, பின்லாந்து எல்லாம் பெரிய அரங்குகளில் கூடிப் போட்டி வைத்தார்கள். ஹெல்சிங்கியில் நடக்கும் அசெம்ப்ளி 1992இல் தொடங்கியது. 2020இல் பின்லாந்தும் 2021இல் ஜெர்மனியும் டெமோசீனைத் தங்கள் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன. திருட்டு ஃப்ளாப்பியில் தொடங்கியது அரசாங்கப் பட்டியலில் வந்து நிற்கிறது. அங்கிருந்து கிளம்பியவர்களில் டென்மார்க்கின் ஜெஸ்பர் கிட் பெரிய கேம்களுக்கு இசையமைப்பாளர் ஆனார். கேப்டன் என்ற புனைபெயரில் மாட் போட்ட பின்லாந்துக்காரர் மார்க்குஸ் கார்லோனென், போயட்ஸ் ஆஃப் த ஃபால் ராக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். ஸ்காட்லாந்தின் கால்வின் ஹாரிஸ் தன் முதல் ஆல்பத்தை அமிகாவில்தான் உருவாக்கினார். அதுவும் 2007இல், கமடோர் திவாலாகி 13 வருடம் கழித்து.

நம்மூரில் அமிகாவைக் கண்ணால் பார்த்தவர்கள் அபூர்வம். ஆனால் 2000களில் டிடிபி சென்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை பார்த்தவர்களுக்கு இந்த இசை தெரியும், பெயர்தான் தெரியாது. பர்மா பஜார் சிடியில் மென்பொருளோடு கீஜென் என்று ஒரு குட்டி புரோகிராம் வரும். சீரியல் நம்பர் எடுக்க அதைத் திறந்தால் ஸ்பீக்கர் திடீரென்று துள்ளலாகப் பாடும். கல்யாணப் பத்திரிகை திருத்தம் பார்க்க வந்தவர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் துள்ளல் முக்கால்வாசி ட்ராக்கர் இசைதான். நூறு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டிய புரோகிராமில் எம்பி3 வைக்க இடம் கிடையாது. அப்படிக் கேட்டுத்தான் எனக்கும் இந்தப் பித்து பிடித்தது.

ஏன் இது மட்டும் பிழைத்தது

ஒழுங்காக விவரம் எழுதி வெளியிட்டதால் பிழைத்தது என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் உண்மை அப்படி இல்லை. மாட் முறைக்கு முறையான விளக்க ஆவணமே கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிரித்து, மூன்றாமவர் மாற்றி வளர்ந்தது அது. கோப்பின் 1080ஆவது பைட்டில் 'எம்.கே.' என்ற எழுத்துகள் இருந்தால் அதில் 31 ஒலிகள் என்று அர்த்தம், அந்த எம்.கே. யாருடைய பெயர் என்பதிலேயே இன்னும் சச்சரவு. ஒரே கோப்பு இரண்டு பிளேயரில் இரண்டு வேகத்தில் ஓடுவதும் உண்டு. இவ்வளவு குழப்பம் இருந்தும் பிழைத்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான பேர் அதைத் திறக்க வேண்டிய தேவையோடு இருந்தார்கள். அமிகா போனதும் பிசிக்குப் பிளேயர் எழுதினார்கள், விண்டோஸ் வந்ததும் வின்ஆம்ப் வாசித்தது, இன்று பிரௌசரிலேயே ஓடுகிறது. மாட் ஆர்க்கைவ் என்ற இணையக் கிடங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன.

வார்ஹோலின் கோப்புக்கு அந்தத் தேவை யாருக்கும் இருக்கவில்லை. அவர் கலைஉலகத்துக்காரர், அங்கே படம் என்றால் கேன்வாஸ், பிரின்ட். ஒரே ஒரு பிரதி இருப்பதுதான் அங்கே மதிப்பு. ஃப்ளாப்பியிலும் அதே கதை: ஒரு பிரதி, அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார்கள். கேன்வாஸுக்குப் பத்திரம் என்பது அலமாரி. கோப்புக்கு அலமாரிதான் ஆபத்து.

திறந்து கிடப்பதற்கும் ஒரு விலை உண்டு. யான்னே சுனி என்ற பின்லாந்துக்காரர் டெம்பெஸ்ட் என்ற பெயரில் போட்ட நான்கு சேனல் அமிகா பாட்டு ஒன்று அசெம்ப்ளி 2000இல் பழைய பாணி இசைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. நார்வேக்காரர் ஒருவர் அதை அதே நிறுவனத்தின் பழைய கணினியான கமடோர் 64க்கு மாற்றி எழுதினார். 2006இல் வெளிவந்த பாடகி நெல்லி ஃபர்டாடோவின் ஆல்பத்தில், டிம்பலண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் தயாரித்த ஒரு பாட்டில் இதை எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று டெமோசீன் முழுக்கக் கொதித்தது. உரிமை வாங்கிய ஃபின்னிஷ் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பாட்டை எடுத்தார்களா இல்லையா என்ற கேள்விக்கே வழக்கு போய்ச் சேரவில்லை. அந்தப் பாட்டு முதலில் எங்கே 'வெளியானது', இணையத்தில் ஏற்றினால் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியிட்டதாகுமா, அப்படியானால் அமெரிக்காவில் காப்புரிமைப் பதிவு செய்திருக்க வேண்டாமா என்பதிலேயே வாதம் சுற்றியது. பதிவு இல்லை; தள்ளுபடி. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தங்களுக்குள் ஒலியை எடுத்துக்கொள்ளும்போது 22 எழுத்தில் நன்றி எழுதிப் பழகியவர்களுக்கு இது புரியாத உலகம்.

வார்ஹோல் படங்களின் கதையும் 2014உடன் முடியவில்லை. ஃப்ளாப்பிகள் இருப்பது அருங்காட்சியகத்தில். காப்புரிமை வைத்திருப்பது வார்ஹோல் அறக்கட்டளை. 2021 மே மாதம், என்எஃப்டி (டிஜிட்டல் படத்துக்கு உரிமைச் சீட்டு போட்டு விற்பது) மோகம் உச்சத்தில் இருந்தபோது, அறக்கட்டளை ஐந்து அமிகா படங்களை கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மூலம் ஏலம் விட்டது. மொத்தம் 33 லட்சம் டாலருக்கு மேல் போனது. விற்றது 4500க்கு 6000 புள்ளி என்று பெரிதாக்கிய படங்கள்: கிட்டத்தட்ட 2 கோடியே 70 லட்சம் புள்ளி. வார்ஹோல் மவுஸால் வரைந்தது 64,000 புள்ளியில். அப்போது இவற்றை எப்படி மூலம் என்று சொல்கிறீர்கள் என்று மீட்பு வேலையோடு தொடர்புடையவர்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பெரிதாக்கியதில் தவறில்லை, அச்சுக்கோ சுவருக்கோ அது தேவைதான். ஆனால் எது மூலம் என்று கேட்டால் அந்த 40,000 பைட்டைத்தான் காட்ட வேண்டும்.

2024இல் இன்னொரு செய்தி வந்தது. அந்த நாட்களில் வார்ஹோலுக்கு அமிகா கற்றுக்கொடுத்த முன்னாள் கமடோர் ஊழியர் ஒருவர், டெபி ஹாரி படத்தின் கையெழுத்திட்ட அச்சுப்பிரதியையும் வார்ஹோலின் படங்கள் உள்ள ஃப்ளாப்பி ஒன்றையும் இத்தனை வருடம் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். விற்பனைக்கு என்று அறிவித்தார். வாங்க நினைப்பவர் கையெழுத்து அசலா என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் படங்கள் எந்தக் கோப்பு முறையில் இருக்கின்றன, வேறு பிரதி எடுத்தாயிற்றா என்று கேட்பது நல்லது.